டீக்கடைக்காரர்கள் கட்டிய கம்ப்யூட்டர்

ஒரு சின்ன க்விஸ். உலகத்திலேயே முதன்முதலாக ஆபீஸ் வேலைக்கென்று ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி, அதில் தினப்படி கணக்கு வழக்கை ஓட்டிக் காட்டிய கம்பெனி எது?

ஐ.பி.எம். என்பீர்கள். இல்லை. ஏதாவது பெரிய அமெரிக்க பேங்க்? அதுவும் இல்லை. ராணுவம், ராக்கெட், இன்ஷூரன்ஸ்? ம்ஹூம்.

ஒரு டீக்கடை.

சத்தியமாகத்தான் சொல்கிறேன். லண்டன் தெருக்களில் டீயும் பன்னும் விற்றுக்கொண்டிருந்த ஜே. லியான்ஸ் அண்ட் கம்பெனி. 1951-ல், நம் ஊரில் முதல் பொதுத்தேர்தல் நடந்துகொண்டிருந்த சமயத்தில், அவர்களுடைய கம்ப்யூட்டர் ரொட்டிக் கணக்கு போட ஆரம்பித்துவிட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் லியோ. 'லியான்ஸ் எலெக்ட்ரானிக் ஆபீஸ்' என்பதன் சுருக்கம்.

இதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடுத்து வந்தது ஒரு கேள்வி. ஊரில் இத்தனை பெரிய கம்பெனிகள் இருக்க, டீக்கடைக்காரர்களுக்கு மட்டும் எப்படி இது சாத்தியமானது?

பதில் கம்ப்யூட்டரில் இல்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய இருபத்து நான்கு வருஷத்தில் இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன்னால் என் சொந்தக் கதை கொஞ்சம். பி.காம். முடித்த கையோடு, 2002-ல், ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். இயந்திர உதிரி பாகங்கள் வாங்கி விற்கும் இடம். முதலாளிக்கு எங்கேயோ ஒரு கருத்தரங்கில் ஞானோதயம் ஆகிவிட்டது. லட்சக்கணக்கில் செலவழித்து ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். பூஜை போட்டு, தேங்காய் உடைத்து, சுவிட்சைத் தட்டினோம்.

மூன்றாவது மாதம் குடோனில் நடக்க இடமில்லை. காரணம் என்ன தெரியுமா? ஒரே போல்ட்டுக்கு எங்கள் கம்பெனியில் மூன்று பெயர். குடோன்காரர் சொல்வது ஒன்று. பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் எழுதுவது இன்னொன்று. பில்லில் வருவது மூன்றாவது. மனிதர்கள் இருந்தவரை பிரச்னை இல்லை. "அண்ணே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?" என்று குரல் கொடுத்தால் முடிந்தது. கம்ப்யூட்டருக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. மூன்று பெயர் என்றால் மூன்று சரக்கு. மூன்றில் இரண்டு கையிருப்பில் இல்லை என்று கண்டுபிடித்து, வாங்கச் சொல்லி ஆர்டர் போட்டுவிட்டது.

முதலாளி சாஃப்ட்வேர்க்காரரைத் திட்டினார். சாஃப்ட்வேர்க்காரர் எங்களைத் திட்டினார். நாங்கள் மறுபடி நோட்டுப் புத்தகத்தை எடுத்தோம். அந்தக் கம்ப்யூட்டர் அறையில் பிறகு சாயங்காலம் சீட்டுக் கச்சேரி நடந்தது.

லியான்ஸ் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடோன்தான் ஞாபகம் வரும். சரி, லண்டனுக்குப் போவோம்.

சால்மன், க்ளக்ஸ்டைன் என்று இரண்டு குடும்பங்கள். சம்பந்திகள். புகையிலை வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்தவர்கள். பெரிய பொருட்காட்சிகளுக்குப் போனால் குடிக்கிற மாதிரி ஒரு டீ கிடைப்பதில்லை என்பது மான்டேகு க்ளக்ஸ்டைனின் மனக்குறை. நாமே போட்டால் என்ன என்று யோசித்தார். ஆனால், சாப்பாட்டுக்கடை நடத்துவது தங்கள் அந்தஸ்துக்குக் குறைவு என்று குடும்பத்தில் முணுமுணுப்பு. எனவே, கடைக்குத் தங்கள் பெயரை வைக்காமல், தூரத்து உறவினரான ஜோசப் லியான்ஸ் என்பவரின் பெயரை வைத்தார்கள். 1887-ல் நியூகாஸில் பொருட்காட்சியில் முதல் கான்ட்ராக்ட். 1894-ல் லண்டன் பிக்காடில்லியில் முதல் டீக்கடை.

சுத்தமான மேஜை. நல்ல டீ. எந்தக் கிளைக்குப் போனாலும் ஒரே தரம். நடுத்தர வர்க்கத்துப் பெண்கள் தனியாக வந்து பயமில்லாமல் உட்காரலாம். இது போதாதா? கடைகள் பெருகின. ஒரு கட்டத்தில் இருநூறுக்கும் மேல். இதுபோக 'கார்னர் ஹவுஸ்' என்று மாடி மாடியாக மாபெரும் உணவகங்கள். கறுப்பு உடையும் வெள்ளை ஏப்ரனுமாகச் சுறுசுறுப்பாகப் பரிமாறும் பெண்களுக்கு 'நிப்பி' என்று செல்லப் பெயர். ஹாமர்ஸ்மித் பகுதியில் கேட்பி ஹால் என்ற தலைமையிடம். அங்கேயே ராட்சச பேக்கரி. ரொட்டி, கேக், ஐஸ்க்ரீம், டீத்தூள் எல்லாம் சொந்தத் தயாரிப்பு. முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை.

இங்கேதான் சிக்கல். ஒரு லட்ச ரூபாய்க்கு ஒரே பில் போட்டாலும், பத்து ரூபாய்க்குப் பத்தாயிரம் பில் போட்டாலும் விற்றுமுதல் ஒன்றுதான். ஆனால், கணக்கு எழுதுகிறவருக்கு? முதலாவது ஒரு வரி. இரண்டாவது பத்தாயிரம் வரி! லியான்ஸின் பிழைப்பே சில்லறைப் பிழைப்பு. ஒரு கப் டீ, ஒரு பன், ஒரு துண்டு கேக். ஒவ்வொன்றிலும் லாபம் அணாக் கணக்கில்கூட இல்லை, தம்பிடிக் கணக்கில். அந்தத் தம்பிடியை எண்ணுவதற்கே குமாஸ்தாவுக்கு அதைவிட அதிகம் சம்பளம் கொடுத்தால் கடையை மூட வேண்டியதுதான். பரிமாறுகிற பெண்கள் போட்ட பில்லைக் கூட்டிச் சரிபார்ப்பதற்கென்றே நூற்றுக்கணக்கில் பெண் குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

1923-ல் கம்பெனி ஒரு வினோதமான காரியம் செய்தது. கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறிய ஜான் சிம்மன்ஸ் என்ற இளைஞரை வேலைக்கு எடுத்தது. அவருக்குக் கொடுத்த வேலை டீ போடுவதும் இல்லை, டீ விற்பதும் இல்லை. 'நம்ம ஆபீஸ் எப்படி நடக்குது, இன்னும் நல்லா எப்படி நடத்தலாம்னு பாருங்க' என்பதுதான்.

இப்போது இதை சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் என்போம். கன்சல்டன்ட் என்போம். பெரிய தொகை கேட்பார்கள். அன்றைக்கு இதற்குப் பெயரே கிடையாது.

சிம்மன்ஸுக்கு ஒரு மன உறுத்தல் இருந்தது. படித்த, புத்தியுள்ள மனிதர்கள் நாள் முழுக்க உட்கார்ந்து எண்களைக் கூட்டிக் கூட்டி, எழுதி எழுதி மழுங்கிப்போகிறார்களே, இதற்கு ஒரு விடிவு கிடையாதா? இதையெல்லாம் செய்துமுடிக்கிற ஓர் இயந்திரம் வராதா? அப்படியொரு கனவு அவருக்கு வெகுகாலமாகவே இருந்தது. ஆனால், இயந்திரம் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை.

1930-களின் தொடக்கத்தில் 'சிஸ்டம்ஸ் ரிசர்ச் ஆபீஸ்' என்று ஒரு தனிப் பிரிவு அமைத்தார். அந்தப் பிரிவின் வேலை, கம்பெனியின் எந்த டிபார்ட்மென்ட்டுக்குள்ளும் நுழைந்து, அங்கே ஓடுகிற ஒவ்வொரு காகிதத்தையும் துரத்திக்கொண்டு போவது. இந்தக் காகிதம் எங்கே பிறக்கிறது? யார் கைக்குப் போகிறது? எதற்காக மூன்று பிரதி? அந்த மூன்றாவது பிரதியை யாராவது படிக்கிறார்களா? படிக்காவிட்டால் ஏன் எழுதுகிறோம்?

நம் ஊர் ஆபீஸ்களில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "வழக்கம் சார்" என்று பதில் வரும். லியான்ஸில் 'வழக்கம்' ஒரு பதிலாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை. தேவையில்லாத பதிவேடுகள் ஒழிந்தன. படிவங்கள் திருத்தப்பட்டன. ஒரு விற்பனைப் பிரதிநிதியின் கணக்கை ஐந்து பேர் ஐந்து துண்டாகப் பார்ப்பதற்குப் பதிலாக, ஒரே குமாஸ்தா முழுசாகப் பார்க்கும்படி வேலை மாற்றி அமைக்கப்பட்டது. தப்பு நடந்தால் யார் பொறுப்பு என்று உடனே தெரிந்துவிடும். வேலை செய்கிறவருக்கும், நாம் எதைச் செய்கிறோம் என்று புரியும்.

இதில் தொழில்நுட்பம் என்று பார்த்தால் கூட்டல் மெஷின், டைப்ரைட்டர் போன்றவைதான். பளபளப்பாக எதுவும் இல்லை. பத்திரிகையில் செய்தி வருகிற சமாசாரமும் இல்லை. ஆனால் ஒன்று. 1940-களுக்குள், இங்கிலாந்தில் மிகச் சிறப்பாக நடக்கும் ஆபீஸ்களில் ஒன்று என்று லியான்ஸுக்குப் பெயர் வந்துவிட்டது. தன் கம்பெனியில் எந்தத் தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று அவர்களுக்கு அத்துப்படி.

பிறகு போர் வந்தது. போனது.

1946 பிப்ரவரியில் அமெரிக்கா ஒரு மின்னணு மூளையை உலகத்துக்குக் காட்டியது. எனியாக். பதினெட்டாயிரம் வால்வுகள் கொண்ட பூதம். பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போடுவதற்காகக் கட்டியது. பத்திரிகையில் பார்த்தவர்கள் எல்லோரும், 'அடேயப்பா, விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது' என்று பக்கத்தைத் திருப்பினார்கள்.

லியான்ஸ்காரர்கள் திருப்பவில்லை. 1947-ல் அமெரிக்க ஆபீஸ்களில் என்ன புதுமை என்று பார்த்துவர ரேமண்ட் தாம்ப்ஸன், ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்டு என்ற இரண்டு மேலாளர்களை அனுப்பினார்கள். போகிற போக்கில் இந்த மின்னணு மூளையையும் விசாரித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அமெரிக்க ஆபீஸ்களில் பெரிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால், பிரின்ஸ்டனில் எனியாக் குழுவில் இருந்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைனைச் சந்தித்தார்கள். 'இதை வைத்துச் சம்பளக் கணக்குப் போட முடியுமா? சரக்குக் கணக்குப் பார்க்க முடியுமா?' என்று கேட்டார்கள். குண்டு கணக்குப் பார்த்தவரிடம் பன் கணக்கு! அவர் அசந்துபோனார். ஆர்வமாகப் பேசினார். கடைசியில் ஒரு விஷயம் சொன்னார். 'இவ்வளவு தூரம் வந்தீர்களே, உங்கள் கேம்பிரிட்ஜிலேயே இதுபோல ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார்களே!'

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

திரும்பி வந்ததும் கேம்பிரிட்ஜுக்கு ஓடினார்கள். அங்கே மாரிஸ் வில்க்ஸ் என்பவர் 'எட்சாக்' என்ற கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டிருந்தார். பணம், ஆள், இரண்டுக்கும் தட்டுப்பாடு. லியான்ஸ் மூவாயிரம் பவுண்டு கொடுத்தது. எர்னஸ்ட் லெனார்ட்ஸ் என்ற தன் ஊழியரையும் உதவிக்கு அனுப்பியது. பதிலுக்கு, கற்றுக்கொள்ளும் உரிமை.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பணம் இருந்தது. ஆசை இருந்தது. டைரக்டர்கள் பச்சைக்கொடி காட்டத் தயாராக இருந்தார்கள். ஆனாலும் லியான்ஸ் தன் சொந்தக் கம்ப்யூட்டரைக் கட்டும் வேலையில் உடனே முழுசாக இறங்கவில்லை. எட்சாக் முதலில் ஓடட்டும், அது நிஜமாகவே வேலை செய்கிறதா பார்ப்போம் என்று காத்திருந்தார்கள். 1949 மே 6-ம் தேதி எட்சாக் தன் முதல் கணக்கைப் போட்டது. 0 முதல் 99 வரையான எண்களின் வர்க்கங்களை வரிசையாக அச்சிட்டது. அதற்குப் பிறகுதான் லியான்ஸ், 'சரி, நாம் ஆரம்பிக்கலாம்' என்றது.

காத்திருந்த நாட்களிலும் சும்மா இருக்கவில்லை. ஜான் பிங்கர்டன் என்ற இளம் என்ஜினீயரை வேலைக்கு எடுத்தார்கள். போர்க்காலத்தில் ராடாரில் வேலை பார்த்தவர். இன்னொரு பக்கம் டேவிட் கேமினர். போரில் ஒரு காலை இழந்தவர். பட்டம் கிடையாது. ஆனால், சிஸ்டம்ஸ் ரிசர்ச் பிரிவில் ஊறியவர். 'இயந்திரம் வரும்போது அதற்கு என்ன வேலை கொடுப்போம்? அதை எப்படிப் படிப்படியாகச் சொல்லிக் கொடுப்போம்?' என்று தாளில் படம் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் கேமினர். உலகின் முதல் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் என்று அவரைத்தான் பின்னாளில் சொன்னார்கள்.

அந்தத் தாள் வேலையில்தான் ஒரு முக்கியமான உண்மை பிடிபட்டது.

விஞ்ஞானியின் கணக்கு எப்படி இருக்கும்? உள்ளே போகிற எண்கள் கொஞ்சம். நடுவில் கணக்கு மலையளவு. வெளியே வருகிற விடை கொஞ்சம். ஆபீஸ் கணக்கு? நேர் தலைகீழ். பத்தாயிரம் பேருக்குச் சம்பளம் என்றால் பத்தாயிரம் பேரின் விவரம் உள்ளே போக வேண்டும். நடுவில் நடப்பது சாதாரணக் கூட்டல், கழித்தல். பிறகு பத்தாயிரம் சம்பளச் சீட்டு வெளியே வர வேண்டும். எட்சாக்கை அப்படியே காப்பியடித்தால், கணக்குப் போட ஒரு நொடியும், தகவல் உள்ளே வந்து வெளியே போக ஒரு யுகமும் ஆகும். மூளை அதிவேகம். வாயும் கையும் நத்தை வேகம்.

எனவே லியோவின் நினைவகத்தை எட்சாக்கைவிட இரண்டு மடங்காக்கினார்கள். தகவல் உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே நேரத்தில் பல வழிகள் அமைத்தார்கள். ஒருபக்கம் கணக்கு நடக்கும்போதே மறுபக்கம் அடுத்த தகவல் வரிசையில் வந்து நிற்கும். இது எந்த விஞ்ஞானி மூளையிலும் முதலில் உதிக்கவில்லை. தன் ஆபீஸில் ஒரு நாளைக்கு எத்தனை காகிதம் ஓடுகிறது என்று எண்ணி வைத்திருந்தவனுக்குத்தான் உதித்தது.

இருபத்து நான்கு வருஷம் காகிதத்தைத் துரத்தியதற்குக் கூலி இது.

லியோ கேட்பி ஹாலில் எழுந்தது. ஏறத்தாழ ஆறாயிரம் வால்வுகள். நினைவகம் என்பது பாதரசம் நிரப்பிய 64 குழாய்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு சதுர அடி இடம். நம் கணக்கில் மூன்று ஃப்ளாட்! இத்தனை இருந்தும் அது நினைவில் வைத்துக்கொள்ளக்கூடியது 2,048 எண்கள். இன்று காலை உங்களுக்கு செல்போனில் வந்த 'குட் மார்னிங்' ரோஜாப் படத்துக்கே அதைவிடப் பல மடங்கு இடம் வேண்டும்.

அடுத்து வருவது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. இயந்திரம் தயார். முதல் வேலையாக எதைக் கொடுப்பது? சம்பளக் கணக்கைக் கொடுத்தால் ஊரே வாயைப் பிளக்கும். டீக்கடை ஆர்டரைக் கொடுத்தால் பத்திரிகையில் போட்டோ வரும். அவர்கள் கொடுத்தது, பேக்கரி மதிப்பீடு. ஒவ்வொரு வாரமும் எத்தனை ரொட்டி, கேக் தயாரானது, மாவு எவ்வளவு, கூலி எவ்வளவு, எந்தப் பிரிவுக்கு எவ்வளவு போனது, என்ன லாபம் என்கிற வாராந்திரக் கணக்கு. 1951 செப்டம்பரில் ஒத்திகை. நவம்பரில் நிஜ ஓட்டம். வணிக உலகில் தினப்படி வேலைக்கு ஓடிய முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் என்று சரித்திரத்தில் இடம்பெற்றது இதுதான்.

ஏன் இந்த உப்புச்சப்பில்லாத வேலை? காரணம் இருக்கிறது. இதற்குள்ளே போகும் தகவல் குறைவு. அதோடு, இயந்திரம் ஒரு நாள் மக்கர் செய்தால் மேலாளருக்கு அறிக்கை ஒரு நாள் தாமதமாகும். அவ்வளவுதான். சம்பளக் கணக்கில் மக்கர் செய்தால்? வார இறுதியில் சம்பளக் கவரை நம்பி வீட்டில் அடுப்பு எரியும் குடும்பங்கள் இருக்கின்றன. ரொட்டி சுடுகிறவரின் கூலியை வைத்து வெள்ளோட்டம் பார்க்கக் கூடாது என்பது ஒரு தொழில்நுட்ப முடிவு மட்டும் இல்லை.

அந்த எச்சரிக்கை சரி என்று உடனே நிரூபணமும் ஆனது. தகவல்களை அதிவேகமாக உள்ளே அனுப்ப, வெளியே ஒரு கம்பெனியிடம் காந்த நாடா சாதனம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அதுதான் ஆகப் புதிய நுட்பம். அது சரிப்பட்டு வரவே இல்லை. மாதக்கணக்கில் போராடிப் பார்த்தார்கள். கடைசியில் கைவிட்டார்கள். பிறகு எல்லோருக்கும் பழக்கமான, நம்பகமான காகித நாடாவுக்கும் துளையிட்ட அட்டைக்கும் திரும்பினார்கள். கௌரவம் பார்க்கவில்லை.

வால்வுகள் இன்னொரு தலைவலி. ஆறாயிரத்தில் எது எப்போது கண்ணை மூடும் என்று தெரியாது. பிங்கர்டன் ஒரு வழி கண்டுபிடித்தார். வேலை தொடங்கும் முன்பே மின்னழுத்தத்தை வேண்டுமென்றே கூட்டிக் குறைத்து இயந்திரத்தைச் சோதிப்பது. சாகக் காத்திருக்கும் வால்வு அந்தச் சோதனையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். உடனே மாற்றிவிடலாம். கல்யாணத்துக்கு முதல் நாளே ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்கிற புத்தி!

ஆக, சம்பளக் கணக்கை லியோவிடம் ஒப்படைத்தது 1953 டிசம்பரில். முதல் ஓட்டத்திலிருந்து இரண்டு வருஷம் கழித்து! அதற்கு முன்பு பல வாரங்கள் குமாஸ்தாக்களும் கணக்குப் போட்டார்கள், லியோவும் போட்டது, இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தார்கள். அனுபவமுள்ள ஒரு குமாஸ்தா ஒருவரின் சம்பளத்தைக் கணக்கிட எட்டு நிமிடம் எடுத்துக்கொள்வார். லியோவுக்கு ஒன்றரை நொடி.

அடுத்த வருஷம் டீக்கடை ஆர்டர். இதில்தான் சிம்மன்ஸ் பள்ளிக்கூடத்தின் அழகு தெரியும். நூறுக்கும் மேற்பட்ட கடைகள். ஒவ்வொன்றுக்கும் தினமும் நாளைக்கு எத்தனை பன், எத்தனை கேக் என்று சொல்ல வேண்டும். சாதாரண ஆசாமியாக இருந்தால், 'எல்லாக் கடையும் முழுப் பட்டியலையும் அனுப்பட்டும், நம்மிடம்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே' என்றிருப்பார். இவர்கள் யோசித்தார்கள். ஒரு கடையில் திங்கட்கிழமை விற்பது அநேகமாக எல்லாத் திங்களும் விற்பதுதானே? எனவே ஒவ்வொரு கடைக்கும் கிழமைவாரியாக ஒரு நிரந்தர ஆர்டர் லியோவிடம் இருக்கும். கடையை நடத்துகிற அம்மாள் தொலைபேசியில் மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும். 'நாளைக்குப் பன் இரண்டு டஜன் கூட, கேக் ஒரு டஜன் கம்மி.' மறுமுனையில் காதில் ஃபோனோடு இருக்கும் பெண் கேட்கக் கேட்க அட்டையில் துளை போட்டுவிடுவார். மிச்சத்தை லியோ பார்த்துக்கொள்ளும். மறுநாள் சரக்கு கடைக்குப் போய்விடும்.

இயந்திரத்தின் வேலையைக் குறைத்தார்கள். கடைக்கார அம்மாளின் வேலையையும் குறைத்தார்கள். விதிவிலக்கை மட்டும் சொல் என்ற அந்த உத்தியை இன்றைக்கும் மேனேஜ்மென்ட் வகுப்புகளில் புதிதுபோலச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஆட்களுக்கு எங்கே போனார்கள் தெரியுமா? பெரும்பாலும் தங்கள் கம்பெனிக்குள்ளேயே. ஊழியர்களுக்குக் கம்ப்யூட்டர் அறிமுக வகுப்பு நடத்தினார்கள். கஷ்டமான வகுப்பு. தேறியவர்கள் புரோகிராமர் ஆனார்கள். லியான்ஸில் வேலைக்குச் சேர்ந்த மேரி கூம்ப்ஸ் என்ற பெண் அப்படித்தான் 1952-ல் லியோவுக்கு வந்தார். வணிகக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிய முதல் பெண்மணி என்று இன்று அவரைக் கொண்டாடுகிறார்கள். கல்லூரியில் அவர் படித்தது பிரெஞ்சும் சரித்திரமும்!

வெளியாட்களும் தேடி வந்தார்கள். ஃபோர்டு கார் கம்பெனி தன் தொழிலாளர்களின் சம்பளக் கணக்கை லியோவிடம் கொடுத்தது. வருமானவரி இலாகா வரி அட்டவணைகளைத் தயாரித்துக்கொண்டது. ரயில்வே நிலையங்களுக்கு இடையிலான தூரங்களைக் கணக்கிட்டுக் கொடுத்ததும் லியோதான். டீக்கடைக்காரர்களிடம் அரசாங்கமே வரிசையில் நின்றது! 1954-ல் கம்ப்யூட்டர் தயாரித்து விற்பதற்கென்றே லியோ கம்ப்யூட்டர்ஸ் என்ற தனிக் கம்பெனி தொடங்கினார்கள். லியோ 2, லியோ 3 என்று வாரிசுகள் வந்தன. பிரிட்டிஷ் தபால் துறை வாங்கிய லியோ 3 இயந்திரங்கள் 1981 வரை டெலிபோன் பில் போட்டன.

அப்புறம்? இன்றைக்கு ஏன் நாம் லியோ லேப்டாப் வாங்குவதில்லை?

இதையும் சொல்லாவிட்டால் கதை பாதியில் நிற்கும். தன் ஆபீஸுக்காகக் கம்ப்யூட்டர் கட்டுவது ஒரு தொழில். ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் விற்பது முற்றிலும் வேறு தொழில். அதற்கு மலையளவு முதலீடு வேண்டும், விற்பனைப் படை வேண்டும், ஐ.பி.எம்.மோடு மல்லுக்கட்டும் தெம்பு வேண்டும். முதல் தொழிலுக்கு லியான்ஸிடம் இருபத்து நான்கு வருஷ அஸ்திவாரம் இருந்தது. இரண்டாவதற்கு அப்படி ஒன்று இல்லை. 1963-ல் லியோ கம்பெனி இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தோடு இணைந்தது. சீக்கிரமே லியான்ஸ் தன் பங்கை விற்றுவிட்டு விலகியது. 1968-ல் அதெல்லாம் ஐ.சி.எல். என்ற பெரிய நிறுவனத்தில் கலந்து மறைந்தது.

டீக்கடைகளும் நிலைக்கவில்லை. மக்களின் சாப்பாட்டுப் பழக்கம் மாறியது. லியான்ஸ் கடன் வாங்கி வெளிநாடுகளில் கம்பெனிகளை வாங்கிக் குவித்தது. 1970-களில் எண்ணெய் விலை ஏறி, பவுண்டு மதிப்பு சரிந்ததும் கடன் கழுத்தை நெரித்தது. 1978-ல் ஒரு மதுபான கம்பெனி லியான்ஸை விழுங்கியது. சில வருஷங்களில் கேட்பி ஹாலையும் இடித்துவிட்டார்கள்.

ஆக, ஆபீஸை ஒழுங்காக வைத்திருந்தால் கம்பெனி சாகாது என்று நான் உங்களுக்கு உத்தரவாதம் தரவில்லை. லியான்ஸின் கணக்கு எப்போதும் துல்லியம். அந்தத் துல்லியமான கணக்கே 'கடனை இதற்கு மேல் வாங்காதே' என்று தடுத்துவிடாது. அதை மனிதர்கள்தான் செய்ய வேண்டும். அஸ்திவாரம் போட்டவனுக்கு வீடு கட்ட ஒரு வாய்ப்பு கிடைக்கும், அவ்வளவே. போடாதவனுக்கு அந்த வாய்ப்பும் கிடையாது. என் பழைய குடோனைக் கேளுங்கள், சொல்லும்.

இப்போது உங்களிடம் வருகிறேன். நீங்கள் ஒரு கடை வைத்திருக்கலாம். சின்னதாக ஒரு கம்பெனி நடத்தலாம். யாரோ வந்து, 'சார், எல்லாரும் ஏ.ஐ. போட்டுட்டாங்க, நீங்க இன்னும் போடலியா?' என்று கேட்டிருப்பார். இரவு தூக்கம் வந்திருக்காது. தப்பில்லை. வாங்குங்கள். ஆனால், செக்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு வாரம் சிம்மன்ஸ் ஆகுங்கள்.

கடையில் உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எத்தனை பெயர் என்று மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு பில்லைக் கையில் எடுத்து, அது பிறந்த இடத்திலிருந்து போய்ச்சேரும் இடம்வரை கூடவே நடந்து பாருங்கள். வழியில் யாராவது ஒரு நோட்டில் எதையோ எழுதினால், 'இதை யார் படிப்பாங்க?' என்று கேளுங்கள். "வழக்கம் சார்" என்ற பதில் வந்தால் அங்கேயே நில்லுங்கள். உங்கள் வேலை அங்கேதான் இருக்கிறது.

அந்த வாரத்தின் முடிவில், வாங்க நினைத்ததில் பாதி தேவையில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடலாம். அல்லது, மீதிப் பாதியை என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்று மிகத் தெளிவாகத் தெரிந்துவிடலாம். எப்படிப் பார்த்தாலும் லாபம்தான்.

அந்த வேலைக்கு வால்வு வேண்டாம், பாதரசக் குழாய் வேண்டாம். ஒரு பென்சில், ஒரு தாள். கூடவே ஒரு கப் டீ இருந்தால் நல்லது.